எண்ணும் கருவி யார் கையில்?

நூற்பாலையில் இரவு ஷிப்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ரிங் பிரேமின் ஆயிரத்துச் சொச்சம் கதிர்களில் ஒன்றில் இழை அறுகிறது. முன்பெல்லாம் அதைக் கண்டுபிடிக்க, சைடு பார்க்கும் பெண்ணின் கண்தான் உண்டு. பிரேமின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து வரும்போது அறுந்த இழையைக் கண்டு அவர் ஒட்டுவார். இன்று புதிய பிரேம்களில் கதிர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. இழை அறுந்ததும் விளக்கு எரிகிறது. எந்தப் பிரேம், எந்தக் கதிர், எத்தனை மணிக்கு அறுந்தது, எத்தனை நிமிஷம் கழித்து ஒட்டப்பட்டது என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. மானேஜர் தம் வீட்டில் படுத்துக்கொண்டே செல்போனில் அதைப் பார்க்க முடிகிறது.

அதே திண்டுக்கல் ஜில்லாவில் இன்னொரு காட்சி. தோல் ஷாப்புகளை ஒட்டிய கிராமத்தில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றின் தலைமாட்டில் எந்தச் சென்சாரும் இல்லை. தண்ணீர் உப்பேறிவிட்டது என்பதைக் குடிக்கிறவரின் நாக்கும் கருகிப்போன நாற்றும்தான் சொல்ல வேண்டும். சொன்னாலும் கேட்க ஆள் வேண்டும்.

ஓர் இழை அறுந்தால் மறு நிமிஷமே தெரிந்துகொள்ளும் ஆலை உலகம், ஒரு கிணறு பாழாவதைத் தெரிந்துகொள்ள இருபது வருஷம் எடுத்துக்கொள்வது ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இந்தத் தலையங்கத்தின் நோக்கம்.

இப்பொழுது எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு: டிஜிட்டல் கருவிகள் வந்துவிட்டன, ஆலைகள் இனி புத்திசாலி ஆலைகள் ஆகும், மின்சாரம் மிச்சம், தண்ணீர் மிச்சம், பஞ்சு மிச்சம், பூமிக்குக் கேடு குறையும் என்கிறார்கள். முதலாளிகளின் மாநாடுகளில் பேசுகிறார்கள். மந்திரிகள் பேசுகிறார்கள். மெஷின் விற்கும் கம்பெனிகள் எல்லோரையும் விட உரக்கப் பேசுகின்றன. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வியாபாரம் என்பதை மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தாமே எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

மிச்சம் உண்டு, மறுக்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கருவியின் மீது நமக்குப் பகை இல்லை. கருவியைச் செய்ததும் தொழிலாளியின் கைதான். அது செய்யும் நன்மையை மறைத்துப் பேசுவது உழைக்கும் வர்க்கத்தின் வழக்கம் ஆகாது.

நூற்பாலையில் இழை அறுந்தால் என்ன நடக்கிறது? மேலேயிருந்து ரோவிங் இறங்குவது நிற்பதில்லை. அறுந்த இழை ஒட்டப்படும் வரையில் அந்தப் பஞ்சு முழுவதையும் உறிஞ்சு குழாய் இழுத்துக் கழிவுப் பெட்டியில் போடுகிறது. 1,200 கதிர் உள்ள ஒரு பிரேமில் நூற்றுக்கு இரண்டு கதிர் அறுந்து நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் 24 கதிர்களின் பஞ்சு குழாய்க்குள் போகிறது. இப்படி 25 பிரேம் ஓடினால் 600 கதிர்கள் நூல் தராமல் மின்சாரத்தையும் பஞ்சையும் தின்கின்றன. சென்சார் உடனே காட்டிக்கொடுத்தால் இது குறையும். இழை அறுந்ததும் ரோவிங்கையே பிடித்து நிறுத்தும் அமைப்பும் வந்திருக்கிறது. மீண்டும் மீண்டும் அறுகின்ற கோளாறுள்ள கதிரைத் தேடிப்பிடித்துச் சரிசெய்யவும் முடிகிறது.

மின்சாரமும் அப்படித்தான். நூற்பாலை செலவழிக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் ரிங் பிரேம்களே தின்கின்றன. மீதியில் பெரும்பங்கை, உறிஞ்சு விசிறிகளும் காற்று அழுத்தும் கம்ப்ரசர்களும் ஈரப்பதம் கொடுக்கும் பிளாண்டும் எடுத்துக்கொள்கின்றன. மோட்டாருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்டரை மாட்டி, தேவைக்குத் தக்கபடி ஓடவிட்டால் யூனிட் குறையும். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மீட்டர் வைத்தால் எங்கே வீணாகிறது என்று தெரியும். கம்ப்ரசர் குழாயில் ஊசித்துளை ஓட்டை இருந்தால் காற்று வீணாவதும், அதனோடு மின்சாரம் வீணாவதும் மீட்டரில் பிடிபடும்.

இந்தியாவின் நூற்புத் திறனில் ஏறத்தாழ பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. திண்டுக்கல், வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் என்று நமது சமவெளியில் சாலையோரமெல்லாம் ஆலைகள். ஒரு காலத்தில் புகையிலைக்குப் பேர்போன வேடசந்தூர் இன்று நூலுக்குப் பேர்போனது. இத்தனை ஆலைகளிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு மின்சாரம் மிச்சமானால்கூட அது நாட்டுக்கு லாபம். எரிக்கும் நிலக்கரி குறையும், புகை குறையும். கோவையில் 1956இல் நிறுவப்பட்ட சிட்ரா ஆராய்ச்சி நிலையம் பல்லாண்டுகளாக ஆலைகளின் கழிவையும் மின்செலவையும் உற்பத்தியையும் அளந்து ஒப்பிட்டு வருகிறது. அளந்தால்தான் குறைக்க முடியும் என்பது புதிய ஞானம் அல்ல. முன்பு மாதத்துக்கு ஒருமுறை காகிதத்தில் தெரிந்தது இன்று நிமிஷத்துக்கு ஒருமுறை திரையில் தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே மிச்சம் உண்டு. மிச்சமானது யாருக்குப் போகிறது, எதை அளக்காமல் விட்டார்கள் என்பதுதான் நமது கேள்வி.

அளப்பதும் அளக்காததும்

நூற்புக் கூடத்துக்குள் ஈரப்பதம் அளக்கும் கருவி நெடுநாளாகவே இருக்கிறது. காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறுகிறது, கூடினால் ரோலரில் சுற்றுகிறது. ஆகவே இரவு பகலாக அளந்து, தண்ணீர் தெளித்து, நூலுக்குச் சுகமான காற்றை உண்டாக்குகிறார்கள். அதே காற்றை மூக்கால் இழுத்து எட்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு அந்த வெப்பமும் புழுக்கமும் தாங்குமா என்று அந்தக் கருவியிடம் யாரும் கேட்பதில்லை. கருவி நூலுக்காக வைக்கப்பட்டது. ஆளுக்காக வைக்கப்படவில்லை.

பஞ்சுத் தூசியை எடுத்துக்கொள்வோம். புளோரூமிலும் கார்டிங்கிலும் வருஷக்கணக்கில் நிற்பவருக்கு நுரையீரலில் பஞ்சு நோய் வருகிறது. பிஸ்ஸினோஸிஸ் என்று டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். நாளாக ஆக எல்லா நாளும் இறுகும். இது தொழில் நோய் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நஷ்டஈட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. காற்றில் மிதக்கும் நுண்தூசியை அளக்கும் சென்சார் இன்று அதிக விலையுள்ள பொருள் அல்ல. ஒரு பிரேமுக்கு ஆயிரம் சென்சார் வாங்கும் நிர்வாகம், கார்டிங் கூடத்துக்கு நாலு தூசி மீட்டர் வாங்க யோசிப்பது ஏன்? இழை அறுந்தால் நஷ்டம் முதலாளிக்கு. மூச்சு அறுந்தால் நஷ்டம் தொழிலாளி குடும்பத்துக்கு. இதுதான் காரணம், வேறு காரணம் இல்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அறுந்த இழையைக் கருவியே காட்டிக்கொடுப்பதால் நடை குறைகிறது, ஆகவே கூடுதல் சைடு பார்க்கலாம் என்று நிர்வாகம் சொல்லும். நாலு சைடு பார்த்தவர் ஆறு சைடு பார்க்க வேண்டும், பிறகு எட்டு. விளக்கு எரிந்த இடத்துக்கெல்லாம் ஓட வேண்டும். எத்தனை விநாடியில் ஓடினார் என்பதும் பதிவாகிறது. கழிவறைக்குப் போன நிமிஷமும் பதிவாகிறது. பஞ்சை மிச்சப்படுத்த வந்த கருவி, கடைசியில் மனித உடம்பைக் கரைக்கும் கருவியாக முடிகிறது.

யாருடைய உடம்பு என்பதையும் மறக்கக்கூடாது. கலியாணச் செலவுக்கு ஒரு தொகை கிடைக்கும் என்று ஆசை காட்டி, மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஏழைப் பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய 'சுமங்கலி' முறையை இந்தப் பகுதி நன்றாக அறியும். இன்று ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயில் ஏறி வந்த பிள்ளைகள் அதே விடுதிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. திரையில் ஓடும் இங்கிலீஷும் தெரியாது. தங்களைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதே தெரியாமல் எண்ணப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

கிணறுகள் சொல்லும் கணக்கு

இனி ஆலைக்கு வெளியே வருவோம்.

திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். பேகம்பூரிலும் நாகல்நகரிலும் பொன்மாந்துறைப் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழில் நடந்திருக்கிறது. முன்பு ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதனிட்டார்கள். பிறகு குரோம் உப்பு வந்தது. தோல் கெடாமலிருக்க முதலில் சாதாரண உப்பைப் போட்டு அடுக்குகிறார்கள். அதை ஊறவைத்துக் கழுவும்போது உப்பெல்லாம் தண்ணீரில் இறங்குகிறது. சுண்ணாம்பு, சல்பைடு, குரோம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. இந்தத் தண்ணீர் போன இடத்தில் பூமி உப்பளம் ஆகும்.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு சுப்ரீம் கோர்ட்டில் போட்ட வழக்கு, வட ஆற்காட்டோடு நிற்கவில்லை. திண்டுக்கல் உள்பட ஐந்து ஜில்லாக்களின் தோல் ஆலைகளையும் அது தொட்டது. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி வந்த தீர்ப்பில் நமது ஜில்லாவைப் பற்றிய ஒரு கணக்கு பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் வட்டாரத்து 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எண்ணிப் பார்த்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்பதும் அதே தீர்ப்பில் வருகிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நியாயத்தை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றும், சுத்திகரிப்பு வசதி இல்லாதவை நிறுத்தப்பட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

முன்னூற்று ஐம்பது கிணறுகளையும் எண்ணியது எந்தச் சென்சார்? ஒன்றும் இல்லை. கிராமம் கிராமமாக நடந்து, ஜனங்களிடம் கேட்டு, மனிதர்கள் எண்ணினார்கள். அந்தக் கணக்குதான் டில்லி வரை போய் நின்றது.

கிணறு கெட்டால் நிலம் உள்ளவருக்குப் பயிர் போகிறது. நஷ்டஈடு என்று பேச்சு வந்தால் பட்டாவைக் காட்டலாம். நாற்று நடவும் களை எடுக்கவும் அந்த நிலத்தை நம்பியிருந்த விவசாயத் தொழிலாளி எதைக் காட்டுவார்? எத்தனை நாள் கூலி போயிற்று, எத்தனை குடம் தண்ணீருக்கு எத்தனை மைல் நடந்தோம் என்பதற்கு அவரிடம் பட்டா இல்லை. அந்த இழப்பை அளக்கும் கருவியை இன்னும் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

பிறகு என்ன நடந்தது? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் உத்தரவு போட்டது. தோல், காகிதம், சர்க்கரை, சாராயம், சிமெண்டு முதலிய 17 வகைப் பெரும் மாசு ஆலைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், கழிவுநீரையும் புகையையும் இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்தி அந்தக் கணக்கை நேரே வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. நமது ராஜ்யத்தில் அந்தக் கணக்கு சென்னை கிண்டியிலுள்ள வாரியத்தின் கண்காணிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேருகிறது.

நல்ல ஏற்பாடுதான், வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்போம். கழிவு ஓடுவது திண்டுக்கல்லில். கணக்கு ஓடுவது கிண்டிக்கு. நடுவில் தண்ணீர் குடிக்கும் கிராமத்துக்கு அந்தக் கணக்கு எப்போது வரும்? மேலும் கருவி தானாக எதையும் பார்ப்பதில்லை. வைத்த இடத்தைத்தான் பார்க்கும். மீட்டரின் முனையை நல்ல தண்ணீர் உள்ள வாளியில் போட்டு வைத்தால் அது நல்ல தண்ணீரையே காட்டும். ராத்திரியில் பக்கத்துக் கால்வாயில் திறந்துவிட்டால் அது ஒன்றும் சொல்லாது. அந்த வால்வைத் திறக்கச் சொன்னது யார் என்பது, திறந்த தொழிலாளிக்குத்தான் தெரியும். தொழிலாளி வாய் திறக்க முடியாத ஆலையில் ஆயிரம் கருவி வைத்தாலும் அது குருட்டுக் கருவிதான்.

நொய்யல் தந்த பாடம்

பக்கத்துத் திருப்பூரைப் பாருங்கள். சாயக் கழிவு நொய்யலைக் கொன்றது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தொட்டியாக மாறியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், கோர்ட்டு ஏறினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை எட்டாத சாய ஆலைகளையெல்லாம் மூடும்படி 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. அதற்குப் பிறகுதான் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து உபயோகிக்கும் நிலையங்களும், அவற்றோடு மீட்டர்களும் சென்சார்களும் ஒழுங்காக ஓடத் தொடங்கின.

கருவி வந்ததால் முதலாளிக்கு நல்ல புத்தி வரவில்லை. போராட்டம் வந்ததால்தான் கருவி வந்தது. இந்த வரிசையை யாரும் தலைகீழாக்கிச் சொல்ல அனுமதிக்கக்கூடாது.

ஆலை மூடப்பட்ட அந்த நாட்களில் வேலையிழந்து நின்ற சாயத் தொழிலாளிகளையும் நாம் மறக்கவில்லை. முதலாளி செய்த குற்றத்துக்குத் தண்டனையைத் தொழிலாளியும் சேர்ந்து அனுபவித்தார். ஆகவே தண்ணீர் கெடுவதற்கு முன்பே தடுப்பது, விவசாயிக்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவு ஆலைத் தொழிலாளிக்கும் அவசியம். ஆலையா விவசாயமா என்று இரண்டு ஏழைகளை மோதவிடுவது, நடுவில் நின்று லாபம் பார்க்கிறவரின் சூழ்ச்சி.

இந்த முறையிலும் குறை உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கழிவுநீரைச் சுண்டக் காய்ச்ச ஏராளமான விறகும் நிலக்கரியும் மின்சாரமும் வேண்டும். கடைசியில் மிஞ்சும் உப்பு மூட்டைகளை என்ன செய்வது என்பது பெரிய பிரச்சினை. உப்பு அழிவதில்லை, இடம் மாறுகிறது. எனவே கழிவு வந்த பிறகு அளப்பதைவிட, கழிவே குறைவாக வரும் முறைகளைத் தேடுவது மேல். சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், தண்ணீர் சேர்க்காமல் குரோம் பதனிடும் முறை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. ஜனங்களின் வரிப்பணத்தில் கண்டுபிடித்த இது போன்ற முறைகளைச் சிறு ஷாப்புகளுக்கும் கொண்டுசேர்ப்பது சர்க்காரின் கடமை. பெரிய முதலாளி மட்டும் வாங்கக்கூடிய விலையில் விஞ்ஞானம் இருக்குமானால், சிறியவர் மூடிவிட்டுப் போவார். மாசு நிற்பதற்குப் பதில் சந்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

சீமைக்குத் தெரியும், சைடு பார்க்கிறவருக்குத் தெரியாதா?

ஐரோப்பாவில் 2024 ஜூலையில் ஒரு புதிய சட்டம் அமலுக்கு வந்தது. சரக்கு ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டு கொண்டுவர அது வழி செய்கிறது. துணிமணிகளை முதல் வரிசையில் வைத்திருக்கிறார்கள். சட்டையில் உள்ள கட்டம்போட்ட குறியைச் செல்போனில் காட்டினால், அது எதில் செய்யப்பட்டது, பூமிக்கு எவ்வளவு கேடு செய்தது என்ற விவரம் வரும்படி செய்யப்போகிறார்கள். இதற்காகத்தான் ஏற்றுமதி ஆலைகள் இன்று அவசர அவசரமாக மீட்டர் மாட்டுகின்றன.

நல்லது. பெர்லினில் சட்டை வாங்குகிறவர் வேடசந்தூர் நூலின் ஜாதகத்தைப் பார்க்கப்போகிறார். அந்த நூலை நூற்ற பெண்ணுக்கு, தான் மூச்சில் இழுக்கும் தூசியின் கணக்கைப் பார்க்க உரிமை இல்லையா? அந்த ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு, பூமிக்கடியிலிருந்து ஆலை எத்தனை லிட்டர் உறிஞ்சியது என்று தெரிய வேண்டாமா? வாங்குகிறவருக்குக் காட்டும் கணக்கை உழைக்கிறவருக்கு மறைப்பது எந்த ஊர் நியாயம்?

தொழிலாளிகளே கண்காணிக்க முடியுமா என்று சிலர் ஏளனம் செய்வார்கள். நமது ஜில்லாவே பதில் சொல்லியிருக்கிறது. ஓர் ஆடை ஏற்றுமதி ஆலையில் பெண்களுக்கு நேர்ந்த கொடுமைகளுக்குப் பிறகு, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாயிற்று. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமையிலான சங்கம், ஆலை நிர்வாகத்தையும் எச் அண்டு எம், கேப், பிவிஎச் ஆகிய வெளிநாட்டுக் கம்பெனிகளையும் எழுத்தில் கட்டுப்படுத்தியது. வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தயார்செய்து, தொல்லை கொடுப்பவரைப் பற்றிப் பயமின்றிப் புகார் சொல்ல வழி உண்டாக்கினார்கள். மானத்தைக் காக்கக் கண்காணிக்கத் தெரிந்தவருக்குக் காற்றையும் தண்ணீரையும் காக்கத் தெரியாதா?

1957இல் ஒப்புக்கொண்டது

புதிய மெஷின் வரும்போது என்ன நியாயம் என்பது இன்று புதிதாக எழுந்த கேள்வி அல்ல. ஐம்பதுகளில் ஆலைச் சீரமைப்பு என்ற பெயரில் ஆட்குறைப்பு வந்தபோது நாடெங்கும் தொழிலாளிகள் எதிர்த்து நின்றார்கள். அதன் பலனாக 1957இல் டில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் சர்க்காரும் முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து மூன்று நிபந்தனைகளை ஒப்புக்கொண்டார்கள். இருக்கிற தொழிலாளிக்கு வேலையும் சம்பளமும் போகக்கூடாது. சீரமைப்பினால் வரும் லாபம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும். வேலைப்பளுவை இரு தரப்பும் ஏற்கும் நிபுணர் அளந்து, வேலை நிலைமையைச் சீர்செய்ய வேண்டும்.

சென்சாருக்கும் இதே மூன்றும் பொருந்தும். அறுபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகியும் பழசாகாத நிபந்தனைகள் இவை. பழசானது முதலாளிகளின் ஞாபகம்தான்.

இதற்கு நேர்மாறாக நடக்கிறது நாட்டில். 2023 ஏப்ரலில் நமது சட்டசபையிலேயே வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட இடம் கொடுக்கும் மசோதா நிறைவேறியது. தொழிலாளிகள் பொங்கி எழுந்தார்கள். மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. விநாடிக்கு விநாடி வேலையை மிச்சப்படுத்தும் கருவி வந்த காலத்தில், வேலை நேரம் குறைய வேண்டுமா, கூட வேண்டுமா? 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கியிருக்கிறது. போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு 1987இல் பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆலையிலுள்ள அபாயங்களைத் தொழிலாளிக்கும் சுற்றுப்புற ஜனங்களுக்கும் நிர்வாகம் தெரிவிக்க வேண்டும் என்றது அது. ஆயிரக்கணக்கான பிணங்களின் மேல் நின்று பெற்ற உரிமை. சட்டப் புத்தகத்தின் அட்டை மாறலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது.

நாம் கேட்பது

ஒன்று: ஆலை வாசலில் பலகை வைக்க வேண்டும். எடுத்த தண்ணீர், விட்ட கழிவு, கூடத்துத் தூசி ஆகிய கணக்கு தமிழில் அதில் ஓட வேண்டும். அபாயகரமான ரசாயனம், கழிவுநீர், புகை ஆகியவற்றின் விவரத்தை வாசலில் எழுதிவைக்க வேண்டுமென்று 2003இலேயே சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. பெயிண்ட் உதிர்ந்த பழைய பலகை போதாது. கிண்டிக்குப் போகும் கணக்கே வாசலிலும் தெரிய வேண்டும்.

இரண்டு: அந்தக் கணக்கைக் கிராமசபையில் படிக்க வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. அன்று வாரிய அதிகாரி வந்து நின்று பதில் சொல்லட்டும். ஆலைகளைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் சர்க்கார் அளவுக் கருவி பொருத்தட்டும்.

மூன்று: கார்டிங், புளோரூம், ரிங் கூடங்களில் தூசி, வெப்பம், இரைச்சல் அளக்கும் கருவிகள் வைக்க வேண்டும். வரம்பு தாண்டினால் மெஷின் நிற்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனை வேண்டும். கான்டிராக்ட் தொழிலாளிக்கும் வெளிராஜ்யத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான்.

நான்கு: கருவி மெஷினை அளக்கட்டும். தனித்தனி ஆளின் நடையையும் மூச்சையும் அளந்து தண்டிக்க அதை உபயோகிக்கக்கூடாது. சைடு கூட்டுவதானால் சங்கத்தோடு பேசி, இரு தரப்பும் ஏற்கும் நிபுணர் அளந்த பிறகே கூட்ட வேண்டும்.

ஐந்து: மிச்சமான பஞ்சிலும் மின்சாரத்திலும் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும். ஆட்குறைப்பு கூடாது. புதிய கருவியைப் பழுதுபார்க்கும் பயிற்சியை நமது பெண்களுக்கே கொடுக்க வேண்டும்.

ஆறு: மாசுக்கு நஷ்டஈடு கணக்கிடும்போது நிலமற்ற விவசாயத் தொழிலாளியின் கூலி இழப்பையும் சேர்க்க வேண்டும்.

இவையெல்லாம் மேலேயிருந்து வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் கைமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்றும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கிராமத்துக்கு ஒரு மீட்டர் வாங்குங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். வாரம் ஒருநாள் ஒவ்வொரு கிணற்றிலும் அளந்து, தேதி போட்டு, கிணற்றின் பெயர் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில், 2005ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி வாரியத்திடம் அந்த ஆலையின் கணக்கைக் கேளுங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆலைக்குள் இருக்கும் தோழர் எந்த ராத்திரியில் என்ன நடந்தது என்று சொல்வார். வெளியே இருக்கும் தோழர் எந்தக் காலையில் தண்ணீர் மாறியது என்று சொல்வார். இரண்டும் சேர்ந்தால் அதை மறுக்க எந்த வக்கீலாலும் முடியாது.

முதலாளித்துவம் உழைப்பவனையும் மண்ணையும் ஒரே கையால்தான் கொள்ளையடிக்கிறது என்று காரல் மார்க்ஸ் 1867இலேயே விளக்கினார். அந்தக் கை இன்று கம்ப்யூட்டரைப் பிடித்திருக்கிறது. கம்ப்யூட்டரைத் தட்டிவிடுவதில் பயன் இல்லை. அது காட்டும் கணக்கை நமது பக்கமாகத் திருப்ப வேண்டும்.

மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒரே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பல வீடுகளில் அண்ணன் வயலிலும் தங்கை மில்லிலும் இருக்கிறார்கள். அந்த வீட்டுத் திண்ணையிலிருந்தே இந்த இயக்கம் தொடங்கட்டும்.

எண்ணுகிறவர் ஆளுகிறார். இனி நாமும் எண்ணுவோம்!